புகைத்தடை வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு குறையுமா?

பொது இடத்தில் புகைபிடிக்கக் கூடாது என்றதும், பிடிப்பவரைத் திருத்தத்தான் இந்தச் சட்டம் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் இது அவருக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கான சட்டம். 2005-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, 8-வது பிரிவில் இதைத்தான் சொல்கிறது: வேலை செய்யும் இடம், பொது வாகனம், மூடிய பொது இடம் எதிலும் பிறர் விடும் புகை மக்களைத் தாக்கக் கூடாது. "தனி அறை ஒதுக்கியிருக்கிறோமே, ஃபேன் ஓடுகிறதே" என்ற சமாதானத்தை 2007-இல் வந்த வழிகாட்டுதல் ஏற்கவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் புகை வெளியே வரும். அந்த அறையில் காலிக் கோப்பைகளை எடுக்கப் போகும் பணியாளரும் மூச்சு விட்டாக வேண்டும். பலகை மாட்டுவது, சாம்பல் கிண்ணத்தை எடுப்பது, பற்றவைப்பவரைத் தடுப்பது எல்லாம் இடத்தை நடத்துபவரின் பொறுப்பு. பலகைக்குக் கீழேயே கிண்ணத்தை வைத்துவிட்டு "சொன்னால் கேட்பதில்லை" என்று சலித்துக்கொள்ள முடியாது.

சரி, அரசு ஆஸ்பத்திரிக்கு இதில் என்ன லாபம்? புற்றுநோய்க் கணக்கு தெரிய இருபது, முப்பது வருடம் ஆகும். இதயம் அப்படியல்ல. பிறர் விட்ட புகையைக் கொஞ்ச நேரம் சுவாசித்தாலே இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. புகை நின்றால் ஆபத்தும் சீக்கிரம் இறங்குகிறது. ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில் தடை வந்தது. அடுத்த ஆண்டுக்குள் ஒன்பது ஆஸ்பத்திரிகளில் மாரடைப்பு வகை நோயோடு சேர்ந்தவர்கள் 17 சதவீதம் குறைந்தார்கள். அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு புகைக்காதவர்கள்! 2007 ஜூலையில் தடை வந்த இங்கிலாந்தில் குறைவு 2.4 சதவீதம்தான், முதல் ஆண்டில் சுமார் 1,200 பேர். முன்பே குறைந்துவந்த போக்கைக் கழித்துவிட்டு, நாடு முழுக்க எடுத்த கணக்கு என்பதால் நான் இதையே அதிகம் நம்புவேன். அந்த 1,200 பேருக்கும் ஆம்புலன்ஸ், ஆஞ்சியோ, ஐ.சி.யூ. படுக்கை, அப்புறம் ஆயுளுக்கும் மாத்திரை என்று ஆகியிருக்கும்.

எதிர்வாதமும் உண்டு. எல்லோரும் புகையை விட்டால் மருத்துவச் செலவு முதலில் குறையும், சுமார் 15 ஆண்டுக்குப் பின் கூடும், ஏனென்றால் அதிக நாள் வாழ்வார்கள் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1997-இல் கணக்குக் காட்டினார்கள். ஆனால் அது புகைப்பவரைப் பற்றிய கணக்கு. பக்கத்து மேசைக்காரரைப் பற்றியதல்ல.

இன்னொன்று, மிச்சம் ரொக்கமாகக் கைக்கு வராது. காலியான கட்டிலில், வரிசையில் காத்திருந்த அடுத்த நோயாளி வந்து படுப்பார். பட்ஜெட் தாளில் அதற்கென்று ஒரு வரி இருக்காது.