மின்சாரம் நின்றால் ரோலர் கோஸ்டர் என்ன ஆகும்?

கேளிக்கைப் பூங்காவில் திடீரென்று மின்சாரம் நின்றுவிட்டால் உச்சியில் இருக்கும் ரோலர் கோஸ்டர் கட்டுப்பாடின்றிக் கீழே பாய்ந்துவிடுமோ என்ற அச்சம் பலருக்கும் உண்டு. முறையாக வடிவமைக்கப்பட்ட கோஸ்டரில் அப்படி நேராது. அதன் பிரேக்குக்கு மின்சாரம் தேவைப்படுவது பிடிப்பதற்கு அல்ல, விடுவிப்பதற்குத்தான்.

வழக்கமான கோஸ்டரில் மின்மோட்டார் சங்கிலியை இழுத்து ரயிலை மேட்டின் உச்சிவரை ஏற்றுகிறது. அதற்குப் பிறகு ஓட்டம் முழுவதும் புவியீர்ப்பு விசையின் வேலை. ஏறும்போது கேட்கும் ‘டக் டக்’ ஒலி, ரயிலின் அடியில் உள்ள இரும்புக் கொக்கி பாதையின் பற்களில் ஒவ்வொன்றாக விழுந்து எழும் ஒலியாகும். சங்கிலி பாதி வழியில் நின்றாலும் கொக்கி அருகிலிருக்கும் பல்லில் மாட்டிக்கொள்வதால் ரயில் பின்னோக்கி உருள வழியில்லை. உச்சியைத் தாண்டிவிட்ட ரயிலோ, அடுத்த பிரேக் இருக்கும் இடம்வரை எப்போதும்போல் ஓடிச் சென்று அங்கே நிற்கிறது.

அந்த பிரேக்கில் வலுவான சுருள்வில்கள் கட்டைகளை எப்போதும் இறுக்கிப் பிடிக்கின்றன. அழுத்தக் காற்று செலுத்தப்பட்டால்தான் அவை விலகும். காற்றைச் செலுத்தும் வால்வு மின்சாரத்தால் திறப்பது என்பதால், மின்சாரம் அறுந்தவுடன் காற்று வெளியேறி, கட்டைகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, முன்னால் உள்ள பகுதி காலியாக இருந்தால் மட்டுமே அடுத்த ரயில் அதற்குள் விடப்படுவதால், எந்த நொடியில் மின்தடை வந்தாலும் ஒவ்வொரு ரயிலும் நிற்பதற்குத் தனி இடம் இருக்கும்.

காந்த பிரேக்குகள் இன்னும் வியப்பானவை. ரயிலில் பொருத்திய உலோகத் தகடு நிலைக்காந்தங்களுக்கு இடையே பாயும்போது, தகட்டுக்குள் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து அந்த அசைவையே எதிர்க்கின்றன. இந்த எதிர்ப்பின் திசையைச் சொல்லும் விதியை ஹைன்ரிக் லென்ஸ் 1834இல் வகுத்தார். இதற்கு வெளியிலிருந்து மின்சாரமே வேண்டாம். உயரக் கோபுரத்திலிருந்து செங்குத்தாக விழும் இருக்கைகள் பலவற்றில் வேகம் தணிவதும் இப்படித்தான். ஆனால் அசைவு குறையக் குறைய விசையும் குறைவதால், காந்தத்தால் ரயிலை முழுமையாக நிறுத்திப் பிடித்துவைக்க முடியாது. அதற்கு உராய்வு பிரேக் தேவைப்படுகிறது.

சங்கிலியின்றி ரயிலை ஒரே வீச்சில் ஏவும் கோஸ்டர்களில் பிரச்சினை வேறு. 10 டன் எடையுள்ள ரயிலை 3 நொடிகளில் மணிக்கு 108 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர, இழப்புகளைச் சேர்க்காமலே சராசரியாக 1.5 மெகாவாட் வேண்டும். அதே ஆற்றலை 90 நொடிகளுக்குப் பரப்பினால் 50 கிலோவாட் போதும். ஆகவே பல இடங்களில் கனமான சுழல்சக்கரத்தை மெல்ல மெல்ல வேகமாகச் சுழற்றியோ, மின்தேக்கிகளில் மின்னூட்டத்தை நிரப்பியோ ஆற்றலைச் சேமித்து, ஏவும் கணத்தில் மொத்தமாக எடுத்துக்கொள்கிறார்கள். 1999இல் ஃப்ளோரிடாவில் திறக்கப்பட்ட இன்க்ரெடிபிள் ஹல்க் கோஸ்டரில், ஒவ்வொரு ஏவலின்போதும் சுற்றுவட்டார மின்னழுத்தம் சரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சுழல்சக்கரங்கள் அமைக்கப்பட்டன.

மின்னழுத்தச் சரிவு உண்மையிலேயே பெரிய தொல்லை. பத்தில் ஒரு நொடிக்கு மின்னழுத்தம் பாதியாகக் குறைந்தால் விளக்குகள் ஒருமுறை சிமிட்டுவதோடு சரி. ஆனால் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் காண்டாக்டர் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) அதற்குள் விலகிவிடும், கட்டுப்பாட்டுக் கணினி பிழையைப் பதிவு செய்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ‘விளக்கு எரிகிறதே, இது மட்டும் ஏன் நின்றது?’ என்று வரிசையில் நிற்பவர்கள் கோபப்படுவது இயல்பு. பூங்காக்கள் இந்தக் காரணத்தை அவர்களுக்கு விளக்கிச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

நீண்ட மின்தடைகள் பெரும்பாலும் ஒரு கேபிளிலோ மின்மாற்றியிலோ தொடங்குகின்றன. 2017 டிசம்பர் 27 அன்று கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் ஒரு மின்மாற்றி பழுதானதால், பூங்காவின் சில பகுதிகளில் மட்டும் சவாரிகள் நின்றன, மற்றவை ஓடின. சேதத்தை இவ்வாறு ஒரு பகுதிக்குள் அடக்குவதற்காகவே பெரிய வளாகங்களில் உயர் அழுத்தக் கேபிள்களை வளையமாக இணைக்கிறார்கள். பழுதான துண்டை மட்டும் கழற்றிவிட்டு, மறுபக்கத்திலிருந்து மின்சாரத்தைச் செலுத்த முடியும்.

ஜெனரேட்டர்கள் பொதுவாகச் சவாரிகளைத் தொடர்ந்து ஓட்டுவதற்காக வைக்கப்படுவதில்லை. ஆட்களைப் பத்திரமாக இறக்குவதே அவற்றின் முதல் வேலை. அவை கிளம்பும்வரை யு.பி.எஸ். கட்டுப்பாட்டுக் கணினியையும் ஒலிபெருக்கியையும் தாங்குகிறது. ராட்சத ராட்டினத்தைத் துணை மோட்டாரால் மெல்லச் சுழற்றிப் பெட்டி பெட்டியாக இறக்குவார்கள். ஒரு பக்கம் மட்டும் காலியானால் எடைச் சமன் குலையும் என்பதால், எந்த வரிசையில் இறக்குவது என்பதும் முன்பே வகுக்கப்பட்டிருக்கும். கோஸ்டர் மேட்டில் நின்றவர்களை ஊழியர்கள் பக்கவாட்டுப் படிகளில் ஒவ்வொருவராக நடத்தி அழைத்து வருவார்கள்.

மின்சாரம் திரும்பியவுடன் எதுவும் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. பழுது பார்க்கும் ஊழியர் பாதையில் நின்றுகொண்டிருக்கலாம் என்பதால், அபாயம் தரக்கூடிய தானியங்கி மறுதொடக்கத்தை இயந்திரங்களின் மின்பாதுகாப்புக்கான ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 60204-1 தரநிலையும் தடுக்கச் சொல்கிறது. மோட்டார்கள் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக இயக்கினால் மின்னழுத்தம் மீண்டும் சரியும். ஆகவே அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கி, எந்தப் பகுதியில் எந்த ரயில் நிற்கிறது என்பதைக் கண்ணால் உறுதிசெய்து, காலி ரயில்களைச் சுற்றவிட்ட பிறகே பயணிகளை ஏற்றுகிறார்கள்.