பெல்லட் அடுப்பு: வாங்கும் முன் புகைக்கு வழி பாருங்கள்

தீபாவளி முடிந்து டில்லியில் ரஜாய்கள் (பஞ்சு மெத்தைப் போர்வைகள்) வெயிலுக்கு வரும்போதே எனக்கு அழைப்புகளும் ஆரம்பித்துவிடும். வீட்டைச் சூடாக்கும் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். ஹீட்டர், கீசர், ஏசி என்று இருந்த விசாரிப்புகளில் சமீப காலமாகப் பெல்லட் அடுப்பும் சேர்ந்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டில் பிள்ளை வீட்டில் பார்த்திருப்பார்கள், இல்லையென்றால் யூடியூபில். கண்ணாடிக்குப் பின்னால் தீ அழகாக ஆடுகிறது, அறையில் புகை இல்லை, ரிமோட்டில் வேலை செய்கிறது. "நம்ம ஹாலில் ஒன்று வைத்துவிடலாமா சார்?"

அதை அடுப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. புகை எந்த வழியாக வெளியே போகும், எதைப் போட்டு எரிக்கப் போகிறீர்கள், இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் கடைப்பக்கம் போக வேண்டும். டில்லியில் பெரும்பாலான வீடுகளில் இரண்டுக்குமே சரியான பதில் கிடையாது.

அது எப்படி ஓடுகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெல்லட் என்பது மரத்தூளை அதிக அழுத்தத்தில் பிழிந்து செய்த சிறு துண்டு. வீட்டு அடுப்புக்கு வருவது பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் விட்டம். அடுப்பின் மேல்தொட்டியில் இதைக் கொட்டினால், அடியில் சுழலும் ஸ்க்ரூ கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்தில் கொண்டுவந்து போடும். மின்சார இக்னைட்டர் பற்றவைக்கும். ஒரு விசிறி புகையை வெளியே தள்ளும், இன்னொன்று சூடான காற்றை அறைக்குள் ஊதும். பார்க்க விறகடுப்பு மாதிரி இருந்தாலும், கரன்ட் இல்லாமல் ஓடாத இயந்திரம் இது.

விறகடுப்பில் சூட்டினால் புகை தானாகவே மேலே ஏறிவிடும். இதில் விசிறி தள்ளுவதால் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். இணைப்பில் சின்ன இடைவெளி இருந்தாலும் புகை அறைக்குள் கசியும். அதனால்தான் ஒவ்வொரு இணைப்பிலும் சிலிகான் வளையம் வைத்து, இதற்கென்றே எஃகுக் குழாய் வருகிறது. ஐரோப்பிய அடுப்புகளுக்கு 80 மில்லிமீட்டர் விட்டம் வழக்கம். அடுப்புக்கு லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டுக் குழாயில் மிச்சம் பிடிக்கிறவர்களை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கிறேன். ஒரு வீட்டில் துணி உலர்த்தும் மெஷினுக்குப் போடும் அலுமினியச் சுருள் குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் சமையலறைச் சிம்னியின் குழாயோடு இதையும் இணைத்திருந்தார் பொருத்த வந்தவர். சிம்னி ஓடாத நேரத்தில் அடுப்புப் புகை அந்த வழியாகச் சமையலறைக்குள் திரும்பி வரும். அதோடு, வருஷக்கணக்காக எண்ணெய்ப் பிசுக்கு படிந்த குழாயில் ஒரு தீப்பொறி போனால் போதும்.

குழாய் சுவரைத் தாண்டினால் வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பின்பற்றும் விதிப்படி, விசிறியால் புகை தள்ளும் அடுப்பின் குழாய்முனை, ஜன்னலுக்கோ கதவுக்கோ பக்கவாட்டிலும் கீழேயும் 4 அடிக்குள் வரக் கூடாது. டி.டி.ஏ. (டில்லி வளர்ச்சி ஆணையம்) கட்டிய ஃப்ளாட்டில் இதை எப்படிச் செய்வது? உங்கள் குழாய்முனைக்கு நேர் மேலே அடுத்த மாடிக்காரரின் பால்கனி இருக்கும், பக்கத்தில் அவர் பையனின் படுக்கையறை ஜன்னல். மயூர் விஹாரிலும் துவாரகாவிலும் சொசைட்டி ஃப்ளாட்டில் இருக்கிற நம்மவர்கள் கேட்கும்போது நான் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளத்தில் வைத்துக் குழாயை மொட்டைமாடி வரை கொண்டுபோகலாம்தான், ஆனால் மேலே குடியிருக்கிறவர்கள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். அப்படிச் சம்மதித்த கட்டடத்தை நான் பார்த்ததில்லை. தனி வீடு, மேல்மாடி பர்சாத்தி (மொட்டைமாடி அறை), ஊருக்கு வெளியே பண்ணைவீடு, அல்லது மலையில் ஒரு வீடு என்றால் மேற்கொண்டு பேசலாம்.

அப்படிப் பொருத்தும்போது, குழாய் கிடைமட்டமாகப் போய் அப்படியே முடியக் கூடாது. வெளியே ஐந்தடியாவது செங்குத்தாக ஏற்றச் சொல்லுங்கள். காரணம் மின்வெட்டு. தீ எரியும்போது கரன்ட் போனால் விசிறி நின்றுவிடும், ஆனால் கிண்ணத்திலுள்ள பெல்லட் புகைந்துகொண்டிருக்கும். செங்குத்துக் குழாய் இருந்தால் அந்தப் புகையைச் சூட்டின் இழுப்பே வெளியே கொண்டுபோய்விடும். இல்லையென்றால் புகை முழுக்க ஹாலுக்குத்தான். செங்குத்துக் குழாயின் அடியில், சாம்பலை எடுக்க மூடி போட்ட T இணைப்பு ஒன்று இருக்க வேண்டும். மரப் பேனல், அலமாரி, திரைச்சீலை ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது அடுப்பின் கையேட்டில் இருக்கும். அதைப் பொருத்துகிறவர் படித்தாரா என்று தயங்காமல் கேளுங்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அடுப்புக்கு எரிய வெளிக்காற்றும் வேண்டும். நவம்பர் வந்தால் டில்லியில் தூசுக்குப் பயந்து ஜன்னல் இடுக்கையெல்லாம் டேப் ஒட்டி அடைத்துவிட்டுப் பிறகு ஏர் ப்யூரிஃபையரை ஓடவிடுகிறோம். இப்படி அடைத்த வீட்டில், தாளிக்கும்போது சமையலறைச் சிம்னியைப் போட்டால் அது அடுப்பின் புகையையே உள்ளே இழுக்கலாம். ஆகவே காற்று உள்ளே வரத் தனிக் குழாய் ஒன்றை வெளிச்சுவரிலிருந்து நேராக அடுப்புக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

அடுத்தது எரிபொருள். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் வைக்கோலை வயலில் கொளுத்துவதைக் குறைக்க, அதைப் பெல்லட்டாக்கி அனல்மின் நிலையங்களில் நிலக்கரியோடு சேர்த்து எரிக்கும் திட்டத்தை மத்திய அரசு 2021-இல் வேகப்படுத்தியது. ஆக டில்லியைச் சுற்றிப் பெல்லட்டுக்குப் பஞ்சமில்லை. விலையும் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அது உங்கள் அடுப்புக்கானது அல்ல. வீட்டு அடுப்புக்கு ஐரோப்பாவில் 'ஏ1' தரம் என்று விற்கும் மரப் பெல்லட்டில் சாம்பல் 0.7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நெல் வைக்கோலில் சாம்பல் 15 சதவீதம் அளவுக்கு வரும். அளவு மட்டும் பிரச்சினை இல்லை. வைக்கோல் சாம்பலில் சிலிக்காவும் பொட்டாசியமும் அதிகம், சூட்டில் உருகிக் கல்லாக இறுகி எரிகிண்ணத்தின் காற்றுத்துளைகளை அடைத்துவிடும். காற்று அடைபட்டால் தீ மங்கும், கண்ணாடி கறுக்கும், புகையில் கார்பன் மோனாக்சைடு கூடும். நல்ல மரப் பெல்லட் வருஷாவருஷம் எங்கிருந்து வரும் என்று தெரியாமல் அடுப்பை வாங்காதீர்கள்.

செலவுக் கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ நல்ல பெல்லட்டிலிருந்து அறைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 4 யூனிட் சூடு (கரன்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான்). அதே சூட்டைத் தருவதற்கு ஹாட் அண்ட் கோல்டு இன்வெர்ட்டர் ஏசி ஒன்றரை யூனிட்டுக்கு உள்ளாகவே மின்சாரம் எடுக்கும். உங்கள் ஒரு யூனிட் கட்டணத்தை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். பெல்லட் கிலோ விலை அதைத் தாண்டினால் சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. டில்லியில் உண்மையான குளிர் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரைதான். என்னைக் கேட்டால், நகரத்துக்குள் ஏசியே மேல். காற்று மோசமாகும்போது அமலாகும் கட்டுப்பாடுகளில், காவலாளிகள் திறந்தவெளியில் தீ மூட்டாமலிருக்கக் குடியிருப்போர் சங்கங்களே மின்சார ஹீட்டர் தர வேண்டும் என்றுகூட இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் புதிதாக ஒரு புகைக்குழாய் வைக்கும் முன், அன்றைய விதி என்ன என்று விசாரித்துவிடுங்கள்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. இக்னைட்டர் ஓடும் சில நிமிடங்களுக்கு 300, 400 வாட் எடுக்கும், பிறகு 100 வாட்டுக்குள் அடங்கிவிடும். எர்த் சரியாக இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் வைத்திருந்தால் சைன் வேவ் வகைதானா என்று பாருங்கள், பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மோட்டார் இரையும், கன்ட்ரோல் போர்டு கெடலாம். அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய 120 வோல்ட் அடுப்பை டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், நம் 50 ஹெர்ட்ஸை அந்த அடுப்புக்கு வேண்டிய 60 ஆக்காது. ஸ்க்ரூ, விசிறி எல்லாம் வேறு வேகத்தில் ஓடும். வேண்டாம்.

சரி, எல்லாம் பொருத்தியாயிற்று, முதல் முறை பற்றவைக்க வேண்டும். பகலில், பொருத்தியவர் கூடவே இருக்கும்போது செய்யுங்கள். ராத்திரி விருந்தாளிகள் வந்த பிறகு காட்டுவதற்காக ஆரம்பிக்காதீர்கள். முதலில் தொட்டியையும் தீயறையையும் சாம்பல் தட்டையும் திறந்து பாருங்கள். கையேடு, சாவி, பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் தயாரிப்பாளர்கள் அதற்குள்தான் வைத்து அனுப்புவார்கள். கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுங்கள், சுலபமாக உருவி வந்தால் கதவோரத்தில் இடைவெளியை அடைக்கும் கயிறு சரியாக அழுந்தவில்லை என்று அர்த்தம். விசிறி ஓடத் தொடங்கியதும் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஒவ்வொரு குழாய் இணைப்பின் அருகிலும் பிடியுங்கள். ஊதுபத்திப் புகை ஓரிடத்தில் சட்டென்று விலகினால் அங்கே கசிவு.

முதல் தடவை தீ பிடிக்காமல் அடுப்பு எர்ரர் காட்டினால் பதற வேண்டாம். ஸ்க்ரூ இருக்கும் குழாய் காலியாக இருப்பதால் பெல்லட் கிண்ணத்துக்கு வந்துசேரவே நேரமாகும். கையேடு அனுமதித்தால் ஒரு கைப்பிடி பெல்லட்டைக் கிண்ணத்தில் நீங்களே போடலாம். ஆனால் மறுபடி பற்றவைக்கும் முன் கிண்ணத்தில் குவிந்திருப்பதை வெளியே எடுத்துவிட வேண்டும், எடுத்ததைத் தொட்டியில் திருப்பிக் கொட்டவும் கூடாது. தீப்பிடிக்காத குவியல் புகைந்து தீயறை முழுக்க வெண்புகை நிற்பதைப் பார்த்தால் கதவைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்காதீர்கள். அந்தப் புகை எரியக்கூடிய வாயு, ஒரே நொடியில் குபீரென்று பற்றிக் கண்ணாடியை உடைத்த நிகழ்வுகள் உண்டு. தள்ளி நின்று ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள், விசிறி தன் வேலையைச் செய்யட்டும். மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எதையும் ஊற்றவே கூடாது.

தீ பிடித்ததும் பெயின்ட் வாசனை வரும், லேசான புகையும் கிளம்பும். அடுப்பின் மேல்பூச்சு சூட்டில் இறுகுகிறது. முதல் ஒரு மணி நேரம் குறைந்த சூட்டில் ஓடவிட்டு, பிறகு மெல்ல ஏற்றுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் வேறு அறையில் இருக்கட்டும். பூச்சு இறுகும்வரை அடுப்பின் உடம்பைத் தொட்டால் கறை நிற்கும், எதையும் மேலே வைக்காதீர்கள். தீ பளிச்சென்ற மஞ்சளில் துள்ளி எரிய வேண்டும். சோம்பலாக, சிவந்து, நுனியில் கரி ஏறினால் காற்று போதவில்லை. அணைக்கும்போதும் பட்டனில் அணைத்துவிட்டு, விசிறி தானாக நிற்கும்வரை காத்திருங்கள்.

பெயின்ட் வாசனை போய்விட்டதே, இனி ஆபத்தில்லை என்று நினைப்பதுதான் எனக்குப் பயம் தருவது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டும். மூடிய அறையில் அங்கீட்டி (கரியடுப்பு) வைத்துத் தூங்கியவர்கள் மறுநாள் எழவில்லை என்ற செய்தி டில்லியில் குளிர்காலம்தோறும் வருகிறது. அவர்களைக் கொல்வதும் இதே வாயுதான். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வந்தால் சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து 112-ஐ அழையுங்கள். ஏர் ப்யூரிஃபையர் இந்த வாயுவைப் பிடிக்காது, அதன் ஃபில்டர் தூசுக்கானது. அடுப்பு இருக்கும் அறையிலும் படுக்கையறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒவ்வொன்று மாட்டுங்கள். அலாரம் வாங்க மறுத்த ஒரு வாடிக்கையாளரின் அடுப்பை நான் பற்றவைக்காமலே திரும்பியிருக்கிறேன், அவருக்குக் கோபம்தான்.

பெல்லட் மூட்டைகளைக் கட்டிலடியிலோ காற்றோட்டமில்லாத ஸ்டோர் ரூமிலோ அடுக்காதீர்கள். சும்மா கிடக்கும் பெல்லட்டும் கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். ஐரோப்பாவில் மொத்தமாகச் சேமித்த பெல்லட் அறைக்குள் நுழைந்தவர்கள் இறந்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பத்து மூட்டையில் அந்த அளவு வராது என்றாலும், காற்றோடும் இடத்தில் ஈரம் படாமல் வைப்பதே சரி. மார்ச்சில் அடுப்பை நிறுத்தும்போது தொட்டியில் மிச்சமுள்ளதைக் காலி செய்து, ஸ்க்ரூவில் இருப்பதும் எரிந்து தீரும்வரை ஓட்டிவிடுங்கள். ஜூலை ஈரத்தில் பெல்லட் ஊதி மரத்தூளாகி ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டால், அடுத்த டிசம்பரில் முழு அடுப்பையும் கழற்றித்தான் எடுக்க வேண்டும். அந்தக் கூலி இரண்டு அலாரத்தின் விலையைவிட அதிகம்.