லூப் ஆன்டெனா: வட்டக் கம்பமா, கண்ணியா?

சிற்றலை வானொலியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், கம்பியைச் சுற்றி வளைத்து முனைகளைச் சேர்த்துச் செய்யும் லூப் ஆன்டெனாவை 'வட்ட அலைக்கம்பம்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. சென்ற வாரமும் அதே சொல்லைப் படிக்க நேர்ந்ததால் இதை எழுதுகிறேன்.

ஆன்டெனா இலத்தீன் சொல். பாய்மரத்தின் குறுக்கே பாயைத் தாங்கும் கழி அதன் பழம்பொருள். பிறகு பூச்சியின் உணர்கொம்பைக் குறித்து, கடைசியில் வானொலிக்கு வந்தது. அலையை வாங்குவதால் தமிழில் அலைவாங்கி என்பது போதும்.

'வட்ட அலைக்கம்பம்' என்பதில் வட்டமும் பிழை, கம்பமும் பிழை. காட்பாடியில் என் வீட்டு ஜன்னலோரம் இருப்பது, மூங்கில் கழி இரண்டைக் குறுக்காகக் கட்டி, பக்கத்துக்கு 60 சென்டிமீட்டராகச் செம்புக் கம்பியை ஒரே சுற்று ஓட்டிய சதுரம். கம்பியின் இரு முனைகளும், நிலையத்துக்கேற்பத் திருகிச் சரிசெய்யும் மின்தேக்கியான கேங் கன்டென்சரில் சேர்கின்றன. கம்பியின் நீளம் 2.4 மீட்டர்தான், 31 மீட்டர் அலைவரிசையில் (அலைநீளம் சுமார் 31 மீட்டர்) அது அலைநீளத்தின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் அது பெரும்பாலும் அலையின் காந்தப் பகுதியையே வாங்குகிறது. சட்டத்தின் முகம் பார்க்கும் திசையிலிருந்து வருவதை அது மிகக் குறைவாகவே வாங்கும், அதனால் அந்த முகம் அடுத்த வீட்டு இன்வெர்ட்டரைப் பார்க்கும்படி திருப்பினால் இரைச்சல் அடங்குகிறது. அலைக்கம்பம் என்ற பெயரை நம்பிய குடியாத்தத்து இளைஞர் ஒருவர், மொட்டைமாடியில் இரும்புக் கம்பம் நட்டு அதன் உச்சியில் வளையத்தை அசையாதபடி முடுக்கிவிட்டு, இரைச்சல் குறையவில்லையே என்று என்னிடம் வந்தார். பிழை அவருடையதன்று, மொழிபெயர்த்தவருடையது.

'மடக்கு அலைவாங்கி' என்போரும் உண்டு. முன்பு தூர்தர்ஷனுக்காக மாடிகளில் நின்ற ஆன்டெனாக்களில் மடித்துவிட்ட குழாய் ஒன்று இருக்குமே, மடக்கு என்ற சொல் அதற்கே உரியது. இதற்கும் அதையே சூட்டினால் இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வது?

என் தேர்வு கண்ணி அலைவாங்கி. காடை பிடிக்க வைப்பதும் கண்ணி, சங்கிலியில் கோப்பதும் கண்ணி. புறநானூற்றின் முதற்பாட்டு இச்சொல்லில்தான் தொடங்குகிறது, அங்கே அது தலையில் சூடும் கொன்றைமாலை. வடிவம் எதுவானாலும் சுற்றி வந்து தன்னோடு சேர்வதைச் சொல்ல இதைவிடத் தெளிவான சொல் நம்மிடம் இல்லை. கண்ணிவெடி நினைவுக்கு வருகிறது என்று மறுப்பவர்கள், அந்த வெடியின் பெயரும் பழைய கண்ணியிலிருந்தே வந்ததை எண்ணிப்பார்க்க வேண்டும். இதே அமைப்பைக் கொண்டு ஒலிபரப்பினால் அது கண்ணி அலைவீசி. கண்ணி என்ற பகுதியை மாற்ற வேண்டியதே இல்லை.