ப்ராக்ஸி: பதிலியா, பினாமியா?

வகுப்புக்கு வராத நண்பனுக்காக வருகைப் பதிவின்போது குரலை மாற்றிக் கொடுப்பதும் ப்ராக்ஸிதான். வலைச் சேவை அழைப்பில் பிழை தேடும் மென்பொருள்காரர் முதலில் திறக்கும் கருவியும் ப்ராக்ஸிதான். ஒருவர் இடத்தில் இன்னொருவர் நிற்பதே இரண்டிலும் பொருள்.

சொல்லின் வேர் லத்தீன். 'ப்ரோ' என்றால் ஒருவர் பொருட்டு; 'கூராரே' என்றால் கவனித்துக்கொள்ளுதல். இவை சேர்ந்து பிறந்த நீண்ட சொல் ஆங்கிலேயர் வாயில் தேய்ந்து ப்ராக்ஸி ஆனது.

இதை 'ஒட்டுக்கேட்பான்' என்று பெயர்ப்பது தவறு. ஒட்டுக்கேட்பவன் கதவுக்கு வெளியே நிற்பான், கடிதத்தைத் தொட மாட்டான். நிரலுக்கும் சர்வருக்கும் நடுவே நிற்கும் ப்ராக்ஸியோ, அவை அனுப்பும் கடிதத்தை வாங்கிப் பிரித்துப் படித்துவிட்டு, தானே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஃபிட்லர், சார்லஸ் போன்ற ப்ராக்ஸி கருவிகள் வழக்கமாக 8888 என்ற போர்ட்டில், அதாவது கணினியில் செய்தி நுழையும் எண்ணிட்ட வாசலில், காத்திருப்பது இதற்காகத்தான். நிரல் "சரியாகத்தான் அனுப்பினேன்" என்று சாதிக்கும். சர்வர் 415, அதாவது 'இந்த வகை உள்ளடக்கத்தை ஏற்க மாட்டேன்' என்று திருப்பியடிக்கும். ப்ராக்ஸியில் பார்த்தால், உள்ளடக்க வகை வரியில் ஜேசான் என்ற தரவு வடிவத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் உரை என்று போயிருக்கும். அரைநாள் வழக்கு அரை நிமிடத்தில் முடியும்.

எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு வந்தால் ப்ராக்ஸியின் வேடம் இரட்டிப்பாகிறது. நிரலிடம் தன் சான்றிதழை, அதாவது மின்னணு அடையாளச் சீட்டைக் காட்டிச் சர்வராக நடிக்க வேண்டும். சர்வரிடம் நிரலாக நடிக்க வேண்டும். அந்தச் சான்றிதழை நம்பும்படி சாதனத்துக்கு நாம்தான் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் நிறுவிய சான்றிதழைச் செயலிகள் இயல்பாக ஏற்பதில்லை. பலர் தடுக்கி விழும் இடம் இது.

தமிழில் 'பினாமி' என்ற சொல் கையருகே இருக்கிறது. ஆனால் அது பெயரில்லாதது என்ற பொருளுடைய பாரசீகச் சொல். உண்மையான உடைமையாளரை மறைப்பதே அதன் வேலை. பிழை தேடும் ப்ராக்ஸியோ எல்லாவற்றையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. 'முகவர்' பொருந்தலாம், ஆனால் அதை 'ஏஜென்ட்' ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. எஞ்சுவது 'பதிலி'. 'பதில்' என்பதே அரபியின் 'பதல்' வழி வந்ததுதானே என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். உண்மைதான். ஆயினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று என்பதுதான் அந்த அரபிச் சொல்லின் பொருளும். வேறெந்தச் சொல்லும் இவ்வளவு கச்சிதமாக உட்காரவில்லை. பேச்சில் ப்ராக்ஸி இருக்கட்டும். எழுத்தில் பதிலி, பதிலிச் சேவையகம் என்றே எழுதலாம்.

ஐயம் இருந்தால், ப்ராக்ஸி அடையாளம் கேட்டு நிறுத்தும் 407 என்ற பிழைக்குத் தமிழில் செய்தி எழுதிப் பாருங்கள்: "பதிலியிடம் உங்கள் அடையாளத்தைக் காட்டவும்." இப்போது பதிலியை எடுத்துவிட்டுப் பினாமியை வைத்துப் படியுங்கள்.