ஜி-பீரு: நாட்டு பீரா, உள்ளூர் பீரா?

ஜப்பானில் இருக்கும் நம்மவர்கள் பீர் திருவிழாவுக்குப் போய்வந்து போடும் படங்களுக்குக் கீழே "கைவினை பீர்" என்று எழுதுவதைப் பார்த்தால், பீரையும் கூடை மாதிரி உட்கார்ந்து முடைகிறார்களோ என்று தோன்றுகிறது. அங்கே பதாகைகளில் இருப்பவை இரண்டு சொற்கள். ஒன்று ஜி-பீரு, இன்னொன்று குராஃப்த்தோ பீரு, அதாவது ஆங்கிலத்தின் கிராஃப்ட் பீர்.

முதலில் 'பீரு'. இது ஆங்கிலத்திலிருந்து வந்ததில்லை, டச்சு மொழியின் 'பியர்'. எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) நாகசாகியில் வியாபாரம் செய்ய ஜப்பான் அனுமதித்திருந்த ஐரோப்பியர்கள் டச்சுக்காரர்கள்தான், அவர்கள் வழியாகச் சொல்லும் வந்து சேர்ந்தது. பின்னால் ஆங்கிலம் வந்து 'பியா'வைக் கொடுத்தது. அதனால் கடையில் கேட்பது பீரு, மொட்டைமாடியில் உட்கார்ந்து குடிக்கும் இடம் பியா கார்டன். பீருவைக் குறிலாக்கி 'பிரு' என்றால் கட்டடம். வெள்ளைக்காரர்கள் இதில் திணறுவார்கள், குறில் நெடிலோடு வளர்ந்த நமக்குச் சிக்கலே இல்லை. "ரெண்டு பீரு" என்று நம்மூர்ப் பேச்சிலேயே கேட்டாலும் பாதி புரிந்துவிடும்.

'ஜி' என்பது நிலம், மண். அந்தந்த ஊரில் ஆக்கும் அரிசி மதுவுக்கு ஜி-ஸாகே என்று ஏற்கெனவே பெயர் இருந்தது, அதே அச்சில் வார்த்ததுதான் ஜி-பீரு. அது புழக்கத்துக்கு வரச் சட்டம் மாற வேண்டியிருந்தது. 1994 வரை ஆண்டுக்குக் குறைந்தது 20 லட்சம் லிட்டர் தயாரித்தால்தான் பீர் உரிமம், அதாவது கிரின், அசாஹி, சப்போரோ, சன்டோரி மாதிரிப் பெரிய கைகளுக்கு மட்டும். அந்த வருடம் அதை 60,000 லிட்டராகக் குறைத்தார்கள். நீகாதாவின் எச்சிகோ பீர் முதல் வரிசையில் இறங்கியது, 1823 முதல் ஸாகே ஆக்கிவரும் இபாராகியின் கியூச்சி குடும்ப ஆலை 1996இல் ஹிதாச்சினோ நெஸ்ட்டைக் கொண்டுவந்தது, அப்புறம் வெந்நீர் ஊற்று இருக்கிற ஊரெல்லாம் ஆளுக்கொரு பீர் என்று கிளம்பிவிட்டது. பாதிக்கு மேல் சுற்றுலாப் பயணி வாங்கிப்போகும் பண்டம்தான். விலை அதிகம், சுவை சுமார். அலை ஓய்ந்தபோது ஜி-பீரு என்றாலே முகம் சுளிக்கும் நிலை. தாக்குப்பிடித்தவர்களும் புதிதாக வந்தவர்களும் பிற்பாடு 'குராஃப்த்தோ' என்ற ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டதற்கு இந்தக் கெட்ட பெயரும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். பொருள் ஒன்றுதான், சட்டை மட்டும் மாறியது.

சட்டத்துக்கு இரண்டு பெயருமே தெரியாது. மதுவரிச் சட்டத்தில் இருப்பது பீரு, ஹப்போஷு. ஹப்போஷு என்றால் நுரைக்கும் மது. மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) குறைந்தாலோ, சட்டத்தின் பட்டியலில் இல்லாத பொருளைச் சேர்த்தாலோ இந்த வகைக்குள் தள்ளிவிடுவார்கள். 2018 ஏப்ரலில் பீரு என்று விற்கத் தேவையான குறைந்தபட்ச மால்ட் அளவை 67 சதவீதத்திலிருந்து 50 ஆக இறக்கி, பழம், மசாலா எல்லாம் மால்ட் எடையில் 5 சதவீதம் வரை சேர்க்க விட்டார்கள். ஹப்போஷு உரிமத்துக்கு ஆண்டுக்கு 6,000 லிட்டர் போதும் என்பதால் சின்ன ஆலைகள் பல அந்த வழியாகத்தான் வருகின்றன. பெரிய நிறுவனங்கள் வரியைக் குறைக்க விற்ற மலிவுச் சரக்குக்கும் இதே பெயர் என்பதால், புட்டியில் ஹப்போஷு என்று பார்த்ததும் மட்டமென்று ஒதுக்கிவிட வேண்டாம்.

டோக்கியோவை அடுத்த சைத்தாமாவில், சூப்பர் அரீனா அரங்கை ஒட்டிய கெயாகி ஹிரோபா சதுக்கத்தில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் பீர் திருவிழாவுக்குப் போனால் 'ஜி' என்பதன் அர்த்தம் கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு கூடாரத்திலும் குழாய் வரிசை, குழாய்க்கு மேலே பீரின் பெயர், பக்கத்தில் ஆலையின் ஊர். நீங்கள் குறி வைத்த பீருக்கு நேரே 'உரிகிரே', தீர்ந்துவிட்டது, என்று அட்டை விழுந்திருக்கும். சின்னக் குவளையாக வாங்குங்கள், கழிவறை வரிசை பீர் வரிசையைவிட நீளம்.

சரி, தமிழில்? ஜி-பீருவுக்கு நேர் சொல் 'நாட்டு பீர்' என்றுதான் முதலில் வாயில் வரும். ஆனால் நாட்டுக்கோழிக்கு மதிப்பு சேர்க்கும் 'நாட்டு', சரக்கோடு சேர்ந்தால் போலீஸைக் கூட்டிவந்துவிடும். 'உள்ளூர் பீர்' பத்திரம். கிராஃப்ட் பீருக்கு 'சிற்றாலை பீர்' என்பேன், ஏனென்றால் வித்தியாசம் கைவேலையில் இல்லை, ஆலையின் அளவிலும் பிடிவாதத்திலும் இருக்கிறது. 'வடிப்பாலை' மட்டும் வேண்டாம், அது சாராயம் காய்ச்சுகிற இடம்; பீரைப் புளிக்கவிடுவார்கள், வடிப்பதில்லை.

பழைய சொல்தான் வேண்டும் என்பவர்களுக்குத் தோப்பி இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் வீட்டில் ஆக்கிய கள்ளாக இது வருகிறது. அதே பாட்டில் அரிசிக் கூழை ஆறவிட்டு, 'நல்லடை' கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிடும் பக்குவமும் உண்டு. நல்லடைக்கு நெல்முளை என்று உரை சொல்கிறார்கள். முளைவிட்ட தானியம் என்றால் மால்ட்தானே! ஆனாலும் 'தோப்பித் திருவிழா' என்று எழுதினால் தென்னந்தோப்பைத்தான் தேடுவார்கள், அதனால் நான் பீரைப் பீராகவே விட்டுவிடுகிறேன்.