ரிப்போர்ட் எல்லாம் நார்மல், இரத்தம் மட்டும் நிற்கவில்லை

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த நோயாளியின் காது மடலிலோ விரல் நுனியிலோ ஊசியால் குத்தி, கசியும் இரத்தத்தை அரை நிமிடத்துக்கு ஒருமுறை வடிதாளில் ஒற்றியெடுத்து, எத்தனையாவது ஒற்றலில் கறை படியாமல் போகிறது என்று பார்க்கும் சோதனை நம் ஊர் ஆய்வகங்களில் இன்னும் நடக்கிறது. டியூக் என்ற அமெரிக்க மருத்துவர் 1910-இல் விவரித்த முறை அது. கூடவே, கண்ணாடி நுண்குழாய் ஒன்றில் இரத்தத்தை ஏற்றி, சிறிது சிறிதாக ஒடித்து, ஒடிந்த இடத்தில் நூல் போல இழுபடுகிறதா என்று பார்ப்பார்கள். "ப்ளீடிங் டைம், க்ளாட்டிங் டைம் நார்மல்" என்று எழுதிய அந்தத் தாளை ஆண்டுக்கணக்கில் பத்திரப்படுத்தி வைத்திருந்து காட்டும் குடும்பங்கள் உண்டு. ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கும் நோய்க்குறியியல் மருத்துவராக நான் சொல்லக் கடமைப்பட்டது இதுதான்: அந்த ஒரு வரி உங்களுக்கு இரத்தப்போக்கு நோய் இல்லை என்று உறுதி கூறவில்லை. இரத்தம் உறையத் தேவையான புரதம் பிறவியிலேயே குறைந்திருக்கும் நோயான ஹீமோபிலியா இலேசாக உள்ளவருக்கும் க்ளாட்டிங் டைம் நார்மலாகவே வரும். பல் பிடுங்கிய அன்று இரவுதான் உண்மை தெரியும்.

ஏன் இப்படி என்பதை விளங்கிக்கொள்ள, உடல் இரத்தப்போக்கை எப்படி நிறுத்துகிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இரத்தக்குழாய் அறுபட்டதும் முதலில் அது தானாகவே சுருங்குகிறது. குழாயின் உட்பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த கொலாஜன் இழைகள் வெளிப்பட, வான் வில்லிபிராண்ட் காரணி என்னும் நீண்ட புரதம் அவற்றில் பற்றிக்கொண்டு, ஓடும் இரத்தத்திலிருந்து தட்டணுக்களை, அதாவது பிளேட்லெட்டுகளை, பிடித்து நிறுத்துகிறது. ஒட்டிய தட்டணுக்கள் வடிவம் மாறி, ஃபைப்ரினோஜன் என்ற இரத்தப் புரதத்தின் வழியாக ஒன்றையொன்று கோத்துக்கொண்டு, சில நிமிடங்களில் ஓர் அடைப்பை உண்டாக்குகின்றன. அந்த அடைப்பு தற்காலிகமானது. அதன்மேல், உறைகாரணிகள் என்னும் இரத்தப் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி த்ராம்பின் என்ற நொதியை உருவாக்க, அது கரைந்த நிலையில் இருக்கும் ஃபைப்ரினோஜனைக் கரையாத ஃபைப்ரின் வலையாக மாற்றுகிறது. பெரும்பாலான சோதனைகள் இந்த வலை தோன்றும் கணத்தோடு கடிகாரத்தை நிறுத்திவிடுகின்றன. பிளாஸ்மா உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று அளக்கும் புரோத்ராம்பின் நேரமும் ஏ.பி.டி.டி. சோதனையும்கூட அப்படித்தான். உடலின் வேலையோ அதோடு முடிவதில்லை. ஃபைப்ரின் இழைகளைக் குறுக்கே பிணைத்து உறுதிப்படுத்தப் பதின்மூன்றாம் உறைகாரணி வேண்டும். காயம் ஆறியபின் உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்க பிளாஸ்மின் என்ற நொதி வேண்டும்.

இந்தப் படிகளில் எது பழுதானது என்பதை இரத்தம் கசியும் இடமும் நேரமுமே பெரும்பாலும் சொல்லிவிடும். தட்டணுக்களிலோ வான் வில்லிபிராண்ட் காரணியிலோ குறை இருந்தால் காயம் பட்ட உடனேயே இரத்தம் நிற்காமல் வரும். மூக்கு, ஈறு, மாதவிடாய் என்று மேற்பரப்பிலேயே கசியும். தோலில் குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளிகள் தெரியும். எட்டாம், ஒன்பதாம் காரணிகள் குறைந்த ஹீமோபிலியாவில் முதலில் இரத்தம் நின்றதுபோல இருந்து, பிறகு மூட்டுக்குள்ளும் தசைக்குள்ளும் ஆழத்தில் சேரும்; தவழத் தொடங்கிய ஆண் குழந்தையின் முழங்கால் வீங்கிய பிறகுதான் பல வீடுகளில் நோய் தெரியவருகிறது.

டெங்கு வந்து வந்து, பிளேட்லெட் எண்ணிக்கை என்பது இன்று எல்லோர் வாயிலும் புழங்குகிறது. இயல்பில் ஒரு மைக்ரோ லிட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எண்ணிக்கை சரியாக இருந்து வேலை மட்டும் செய்யாத தட்டணுக்களும் உண்டு. சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் கிளான்ஸ்மன் 1918-இல் விவரித்த நோயில் மூன்று லட்சம் தட்டணுக்கள் இருந்தும் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதில்லை. பின்லாந்தின் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926-இல் எழுதிய நோயும் இதற்கு நெருங்கியதே. ஓலந்துத் தீவுகளில் அவர் ஆராய்ந்த குடும்பத்தின் சிறுமி பதின்மூன்று வயதில், தன் நான்காவது மாதவிடாயின் இரத்தப்போக்கிலேயே இறந்துபோனாள். "எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எல்லோருக்கும் இப்படித்தான் அதிகமாகப் போகும்" என்று தாய்மார்கள் சொல்லும்போது நான் பேனாவை எடுத்துவிடுவேன். வீட்டில் எல்லோருக்கும் இருப்பதாலேயே அது இயல்பாகிவிடாது. குடும்ப நோய்க்கு அதைவிட நல்ல தடயமும் கிடையாது.

ஆனாலும் என்னைப் பொறுத்தவரை அதிகம் தவறவிடப்படுவது பதின்மூன்றாம் காரணிக் குறைபாடுதான். உலக அளவில் இருபது முப்பது லட்சம் பேருக்கு ஒருவர் என்று சொல்லப்படும் அரிய நோய் அது. 1960-இல் சுவிட்சர்லாந்தில்தான் முதன்முதலாக ஒரு சிறுவனிடம் அடையாளம் காணப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோயாகும் என்பதால், சொந்தத்தில் மணம் முடிக்கும் சமூகங்களில் இதற்கு வாய்ப்பு கூடுகிறது. தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுப்பது இன்னும் வழக்கத்தில் இருக்கும் தமிழ்நாட்டில் பணிபுரிபவர்கள் இதைப் பாடப்புத்தக நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

கதை பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் தொடங்கும். சுகப்பிரசவம், குழந்தை நன்றாக இருக்கும், ஏழாம் எட்டாம் நாளில் தொப்புள்கொடி காய்ந்து விழும். விழுந்த இடத்தில் மெல்லிய கசிவு. துணி நனையும், மாற்றுவார்கள், மறுபடி நனையும். மஞ்சள்தூள் வைப்பார்கள், முகப்பவுடர் வைப்பார்கள்; எதையும் வைக்கக் கூடாது. முதலில் நினைக்க வேண்டியது வைட்டமின் கே குறைவையும் தொற்றையும்தான். பிறந்தவுடன் தொடையில் போடும் அந்த ஒரு மில்லிகிராம் ஊசி போடப்பட்டதா என்று கேட்பதும் சரிதான். வைட்டமின் கே குறைவில் புரோத்ராம்பின் நேரம் நீண்டிருக்கும். அதுவும் ஏ.பி.டி.டி.யும் தட்டணு எண்ணிக்கையும் நார்மலாக வந்து, கசிவு மட்டும் நாட்கணக்கில் நீடித்தால், வலை தோன்றிய பின் நடக்கும் வேலையில்தான் கோளாறு. செங்கல்லை அடுக்கிவிட்டுச் சிமெண்ட் பூசாத சுவர் போல, கட்டி உருவாகிறது, ஆனால் நிலைப்பதில்லை. வளர்ந்த பிள்ளைகளில் இதே கோளாறு அடிபட்ட அன்று நின்று மறுநாள் திரும்பும் இரத்தப்போக்காகத் தெரியும். பெண்களில் திரும்பத் திரும்பக் கருச்சிதைவாகவும் தெரியலாம். மூன்றில் ஒரு பங்கினருக்கு மண்டைக்குள் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும் என்பதுதான் இந்நோயின் கொடுமை. இப்படி வரும் குடும்பத்தில் "மூத்த குழந்தை?" என்று கேட்டால், சில வேளைகளில் சற்று நேரம் பதில் வராது, பிறகு, "கட்டிலிலிருந்து விழுந்தான், தலையில் இரத்தம் கட்டிப் போய்விட்டான்" என்பார்கள். அந்த மரணத்தை விபத்து என்றே அவர்கள் நினைத்திருப்பார்கள்.

இதைக் கண்டறியும் முதல் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் கலந்த நீல மூடிக் குழாயில் எடுத்த இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து, கால்சியம் சேர்த்து உறைய வைத்து, அந்தக் கட்டியை ஐந்து மோலார் யூரியா கரைசலில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பக்கத்துக் குழாயில் நலமான ஒருவரின் கட்டி இருக்கும். அது மறுநாள் காலையிலும் வெண்ணிற உருண்டையாக அப்படியே கிடக்கும். நோயாளியின் கட்டி சில மணி நேரத்துக்குள் ஓரம் தேய்ந்து, குழாயைச் சாய்த்தால் நகர்ந்து, கடைசியில் தெளிந்த நீராகிவிடும். மிகக் கடுமையான குறைபாட்டை மட்டுமே இந்தச் சோதனை காட்டும் என்பதால், காரணியின் அளவை நேரடியாக அளக்கும் சோதனைக்கு மாதிரியைப் பெரிய மையத்துக்கு அனுப்பி உறுதி செய்துகொள்கிறோம்.

கண்டுபிடித்துவிட்டால் சிகிச்சை எளிது என்பதுதான் இதைப் பற்றி இவ்வளவு எழுத வைக்கிறது. இந்தக் காரணி இரத்தத்தில் ஒன்பது முதல் பதினான்கு நாள் அரை ஆயுளோடு நீடிப்பதாலும், சிறிதளவு இருந்தாலே பெரும் இரத்தப்போக்குகள் வெகுவாகக் குறைவதாலும், மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றினால் போதும். செறிவூட்டிய மருந்து கிடைக்காத இடத்தில், மருத்துவக் கல்லூரி இரத்த வங்கிகளில் கிடைக்கும் கிரையோபிரிசிபிடேட்டே (உறைந்த பிளாஸ்மாவை உருக்கிப் பிரித்தெடுக்கும், சில உறைகாரணிகள் செறிந்த பகுதி) போதுமானது. ஹீமோபிலியா குழந்தைக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை ஊசி குத்துவதோடு ஒப்பிட்டால், மாதம் ஒருமுறை வந்துபோவது எவ்வளவோ மேல். ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் ஆகியவற்றை இரத்தப்போக்கு நோய் உள்ள எவருக்கும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கக் கூடாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். தடுப்பூசிகளை நிறுத்தத் தேவையில்லை. மெல்லிய ஊசியால் போட்டு, போட்ட இடத்தைச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை சில உண்டு: தொப்புள்கொடி விழுந்தபோது கசிந்ததா, சுன்னத் செய்தபோது நின்றதா, பல் விழுந்த இடம் எத்தனை நாள் கசிந்தது, மாதவிடாயில் கட்டிகட்டியாகப் போகிறதா, பிரசவத்தில் இரத்தம் ஏற்றினார்களா, பெற்றோர் சொந்தமா. காது மடலைக் குத்திப் பார்ப்பதைவிட இந்தக் கேள்விகள் கூடுதலாகச் சொல்லும்.

மருத்துவமனைகளில் பணிபுரிவோர்க்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. இரத்தம் நிற்காத குழந்தைக்கு பிளாஸ்மாவோ இரத்தமோ ஏற்றுவதற்கு முன், சிட்ரேட் ஒன்றுக்கு இரத்தம் ஒன்பது என்ற விகிதத்தில், கோடு வரை நிரப்பிய ஒரு நீல மூடிக் குழாயை எடுத்து வையுங்கள். பாதி நிரம்பிய குழாயில் சிட்ரேட் மிகுந்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். ஏற்றிய பிறகு எடுத்த மாதிரியிலோ, கொடையாளரின் காரணியே கட்டியைக் கரையாமல் காத்து, இருக்கும் நோயை மறைத்துவிடும். அது தெளிய நான்கு வாரங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டும். நோய் உறுதியான வீட்டில் அடுத்த கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே பெற்றோரின் மரபணுச் சோதனையை அடுத்த கருவுக்கு முன்பே முடித்துவிட்டு, பிரசவத்தை இரத்த வங்கி உள்ள மருத்துவமனையில் வைத்துக்கொள்ளுமாறு எழுதிக் கொடுக்கிறோம்.