மேன் மிஸ்ஸிங்: சொல் விளக்கம்

வண்ணாரப்பேட்டையில் காணாமல் போனது ஒரு பாட்டியாக இருந்தாலும் போலீஸ் ஸ்டேஷன் பேச்சில் அது ‘மேன் மிஸ்ஸிங்’ கேஸ்தான்.

ஒருவர் காணாமல் போவது குற்றமல்ல. 2024 வரை இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் அதற்கென்று பிரிவும் இருந்ததில்லை. முதல் தகவல் அறிக்கையிலோ பிரிவு எழுத ஓர் இடம் உண்டு. அந்தச் சட்டப்படி திருட்டுக்கு 379, கொலைக்கு 302 என்று எண் வந்த அந்த இடத்தில் தமிழ்நாட்டில் ‘மேன் மிஸ்ஸிங்’ என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் பிணம் கிடைத்து, கொலை என்று தெரிந்தால் கொலைப் பிரிவுக்கு மாறும்.

அந்த இடத்தில் எழுத வைப்பதே அன்று பெரும்பாடு. எண்பதுகளில் ராயபுரத்தில் எங்கள் தெரு அக்கா ஒருவர், “வூட்டுக்காரரைக் காணோம்” என்று போய் நின்றார். “சண்டை போட்டியாம்மா? 24 மணி நேரம் பாரு, வந்துடுவாரு” என்றார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கெடுவே இல்லை. மறுநாள் போட்டோ கேட்டார்கள். இருந்தது கல்யாண போட்டோ ஒன்றுதான். தன் பாதியைக் கத்தரித்துவிட்டு அவர் பாதியைக் கொடுத்தார். “ஸ்டான்லி மார்ச்சுவரியிலயும் ஒருவாட்டி பாத்துடு” என்று அனுப்பினார்கள். அப்புறம் தூர்தர்ஷனில் காணாமல் போனவர்கள் பற்றிய அறிவிப்பு வரும்போதெல்லாம் தெருவே டிவி முன்னால் உட்கார்ந்தது.

குழந்தை காணாமல் போனால் உடனே வழக்குப் பதிய வேண்டும், கடத்தலாகவே கருதி விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2013இல்தான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? நாளிதழ்கள் ‘இளைஞர் மாயம்’ என்கின்றன. தலைப்புக்கு அளவான சொல்தான். ஆனால் வித்தைக்காரர் தொப்பிக்குள் போன முயல் மாதிரி இருக்கிறது. ‘காணாமல் போனவர்’, ‘ஆள் காணாமல் போன வழக்கு’ என்பவையே பொருத்தம். என்னைக் கேட்டால் ‘காணோம்’தான் இருப்பதிலேயே அழகு. காணேன், காணாய், காணார் என்ற பழைய எதிர்மறை வரிசையில் அது ‘நாம் காணவில்லை’ என்று பொருள்படும். ‘மிஸ்ஸிங்’ தொலைந்தவரின் நிலையைச் சொல்கிறது. ‘காணோம்’ தேடுகிறவரின் வாயிலிருந்து வருகிறது. தனியாளாக நின்று சொன்னாலும் ‘காணோம்’ என்று பன்மைதான்.

7 ஆண்டு தகவலே இல்லையென்றால் இறந்தவராகக் கருத 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இடம் கொடுத்தது. அக்கா அதைக் கேட்டுப் போகவில்லை. ரேஷன் கார்டில் அவர் பெயரை அடிக்கவும் விடவில்லை.